பைக்கின் ஆர்.சி. காலாவதியானால் இன்ஷூரன்ஸ் செல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய பைக்குகள் நம் ஊர்களில் ஏராளம். வருடா வருடம் இன்ஷூரன்ஸ் போட மறக்காதவர்கள்கூட ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழுக்கும் ஒரு கடைசித் தேதி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். விபத்தோ திருட்டோ நடந்த பிறகுதான் அந்தத் தேதி தெரியவருகிறது. கீழே உள்ள பதில்கள் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனங்களுக்கு எழுதப்பட்டவை.

நேரடியாகச் சொல்லுங்கள்: ஆர்.சி. முடிந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் செல்லுமா, செல்லாதா?

பாலிசி தானாக ரத்தாவதில்லை. அதில் போட்டிருக்கும் தேதி வரை அது உயிரோடுதான் இருக்கும். ஆனால் கிளைம் என்று போய் நிற்கும்போது, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

உங்கள் பைக் மோதி வேறொருவர் அடிபட்டிருந்தால், அவருக்குப் பணம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் பைக்குக்கு ஏற்பட்ட சேதத்துக்கோ, பைக் திருடு போனதற்கோ நீங்கள் பணம் கேட்டால், கம்பெனி மறுக்க வலுவான காரணம் இருக்கிறது. உச்ச நீதிமன்றமே அதற்குப் பக்கபலமாகத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அப்புறம் மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை: அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனி உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம்.

என் ஆர்.சி. எப்போது முடிகிறது என்று எப்படிப் பார்ப்பது?

சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு. அதன் பிறகு புதுப்பித்தால் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகள். 2010 ஆகஸ்ட் 12இல் பதிவான வண்டி என்றால் 2025 ஆகஸ்ட் 11 வரை.

ஸ்மார்ட் கார்டாக இருந்தால் அதிலேயே கடைசித் தேதி அச்சாகியிருக்கும். பழைய புத்தகமாக இருந்தால் பதிவுத் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டும் பார்க்கலாம். வண்டி வாங்கிய தேதியையோ, தயாரான வருடத்தையோ வைத்துக் கணக்குப் போட வேண்டாம்; பதிவுத் தேதிதான் கணக்கு.

ஆர்.சி. முடிந்த வண்டிக்கு ஏஜென்ட் இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்தாரே. அப்படியென்றால் செல்லும் என்றுதானே அர்த்தம்?

போட்டுக் கொடுப்பார்கள். கொடுக்கவும் வேண்டும், ஏனென்றால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் நடப்பிலுள்ள இன்ஷூரன்ஸைக் கேட்பார்கள். பாலிசி எடுக்கவே முடியாது என்று வைத்தால் எந்தப் பழைய வண்டியையும் புதுப்பிக்க முடியாமல் போய்விடும்.

ஆகவே, பாலிசி கையில் இருப்பது வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி ஆகாது. ஓட்டும் உரிமை பதிவிலிருந்து வருகிறது. 39ஆவது பிரிவு, பதிவில்லாத வண்டியை யாரும் ஓட்டக்கூடாது, ஓட்ட விடவும் கூடாது என்கிறது. ‘ஓட்ட விடவும்’ என்பதைக் கவனியுங்கள். தம்பியிடம் சாவியைக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையது.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. வண்டியின் வயது பாலிசியிலேயே இருக்கும். 15 வருடம் தாண்டிய வண்டி என்று தெரிந்துதானே பிரீமியம் வாங்கினீர்கள் என்று கிளைம் மறுக்கப்படும்போது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இது ஒன்றையே நம்பி வண்டியை ஓட்டுவது சரியல்ல.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

இரண்டு வழக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிகள் மறுப்புக் கடிதம் எழுதும்போது பெரும்பாலும் இவற்றைத்தான் காட்டுகின்றன.

முதலாவது, நரிந்தர் சிங் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், 2014. வண்டிக்கு ஒரு வருடப் பாலிசி இருந்தது. தற்காலிகப் பதிவு மட்டும் 2006 ஜனவரி 11இல் முடிந்துவிட்டது. பிப்ரவரி 2இல் விபத்து. இடைவெளி மூன்று வாரம்தான். பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல, பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறலும்கூட என்று சொல்லி, வண்டிச் சேதத்துக்கான கிளைமை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிரந்தரப் பதிவுக்கோ, தற்காலிகப் பதிவை நீட்டிக்கவோ அவர் விண்ணப்பித்ததாக எந்த ஆவணமும் இல்லை என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டாவது, யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் எதிர் சுஷில் குமார் கோதாரா, 2021 செப்டம்பர் 30. இது திருட்டு வழக்கு. பொலேரோ ஒன்றின் தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19இல் முடிந்தது. உரிமையாளர் அதை ஜோத்பூருக்கு ஓட்டிக்கொண்டு போய், தங்கிய விடுதிக்கு வெளியே நிறுத்தினார். ஜூலை 28 இரவு வண்டி காணாமல் போனது. காப்பீட்டுத் தொகை 6,17,800 ரூபாய். மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்கள் அவருக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தும், மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. பதிவில்லாமல் ஓட்டியதும் வேறோர் ஊரில் கொண்டுபோய் நிறுத்தியதும் மீறல்தான் என்றது. ஒன்பது நாள் தாமதத்துக்கு ஆறு லட்சம் போனது.

அந்த இரண்டும் தற்காலிகப் பதிவு வழக்குகள். என் பைக்குக்குப் பதினைந்து வருடம் முறையான ஆர்.சி. இருந்ததே?

நல்ல கேள்வி. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எடுத்து வாதாடலாம். அந்த வண்டிகள் நிரந்தரமாகப் பதிவாகவே இல்லை. உங்கள் வண்டி முழுக் காலமும் பதிவிலிருந்தது, எண் அதேதான், புதுப்பிக்க மட்டும் தாமதம். விபத்துக்கும் அந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லலாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட சில வழக்குகளில், முழுவதும் மறுக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற அணுகுமுறையை 2010இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் இதை வக்கீலிடம் நினைவூட்டுங்கள்.

ஆனால் காலாவதியான பதிவு என்பது பதிவே இல்லாததற்குச் சமம் என்ற கோணத்தில்தான் கம்பெனி வாதாடும். 41ஆவது பிரிவின் சொற்களும் அதற்கு இடம் கொடுக்கின்றன. வாதாட வழியிருக்கிறது என்பது வேறு, பணம் கிடைக்கும் என்பது வேறு.

என் பைக் மோதி ஒருவர் அடிபட்டுவிட்டார். ஆர்.சி. முடிந்து நாலு மாதம். அவருக்கு இழப்பீடு கிடைக்குமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதில் பாதிக்கப்படுகிறவர் எந்தத் தப்பும் செய்யாதவர்.

தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் உங்களுக்காக உண்டானது அல்ல, அவருக்காக உண்டானது. அதனால்தான் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அடிபட்டவருக்குத் தர மாட்டேன் என்று கம்பெனி சொல்வதற்கான காரணங்களைச் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது. முன்பு 149ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 150ஆவது பிரிவு. லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர், பந்தயம், குடிபோதை, பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது போன்றவை அதில் உண்டு. ‘ஆர்.சி. காலாவதி’ என்று தனியாக ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. என்றாலும் நிபந்தனை மீறல் இருக்கும் இடங்களில் நீதிமன்றங்கள் அதிகம் கையாளும் வழி ஒன்று உண்டு: கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கு இதற்கு அடித்தளம். 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில், பெர்மிட்டே இல்லாமல் ஓடிய லாரி விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் இதையே செய்தது.

வசூலித்துக்கொள்வது என்றால் உண்மையிலேயே வசூலிப்பார்களா?

வசூலிப்பார்கள். கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை. இழப்பீட்டை முடிவு செய்த அதே தீர்ப்பாயத்தில், உத்தரவை நிறைவேற்றித் தரும்படி கேட்கும் நிறைவேற்று மனு போட்டாலே போதும். உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு சாதாரணமாகவே பல லட்சத்தைத் தொடுகிறது. சம்பாதிக்கும் வயதில் உள்ளவர் இறந்திருந்தால் இன்னும் மேலே போகும். வட்டியும் சேரும். வீடு, நிலம், சம்பளம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். 1,000 ரூபாய் கட்டணத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைத்த மனையை விற்கும் நிலைக்குக் கொண்டுவிடலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பழைய பைக் வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பணத்தைத் தாங்க முடியாதவர்கள் என்பதால் சொல்கிறேன்.

அடிபட்டது நான்தான். எதிரே வந்த பைக்குக்கு ஆர்.சி. முடிந்திருக்கிறது. கேஸ் நிற்குமா?

நிற்கும். தயங்காமல் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். வண்டி உரிமையாளர், ஓட்டியவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ‘ஆர்.சி. செத்துப்போச்சு, ஒன்றும் கிடைக்காது, இருபதாயிரம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். 166ஆவது பிரிவில் மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எஃப்.ஐ.ஆர். நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துவைக்க வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு அடிபட்டால்?

ஆர்.சி. ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தப் பாலிசி என்று பாருங்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தாது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுப் பாலிசியில், அதாவது வண்டிச் சேதத்தையும் சேர்த்த பாலிசியில்தான் அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

வண்டி பழசாகிவிட்டதே என்று பலர் தேர்டு பார்ட்டிக்கு மாறிவிடுகிறார்கள். 15 வருடம் தாண்டிய பைக்குக்கு முழுப் பாலிசி கிடைப்பதும் கஷ்டம். அப்படியானால் குடும்பத்தாருக்கு ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துவையுங்கள். அதற்கும் ஆர்.சி.க்கும் தொடர்பே இல்லை.

ஓட்டிய நானே இறந்துபோனால் குடும்பத்துக்கு 15 லட்சம் வருமா?

பாலிசியோடு உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு எடுத்திருந்தால் தொகை 15 லட்சம். இதற்கு மூன்று நிபந்தனைகள்: ஓட்டியவர் வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். ஆர்.சி. முடிந்திருந்தால் முதல் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு கம்பெனி மறுக்க முயலலாம். குடும்பத்தார் அதை வாய்வார்த்தையாக ஏற்றுக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. எழுத்தில் மனுக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

ஆர்.சி. முடிந்த பைக்கை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அங்கிருந்து திருடிவிட்டார்கள்.

உங்கள் நிலை ஜோத்பூர் வழக்கைவிட நல்லது. அங்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனதுதான் மீறல். சட்டம் தடுப்பது ஓட்டுவதை. வீட்டுக்குள் நிறுத்தி வைப்பதை அல்ல. திருட்டுக்கும் காப்பு உள்ள பாலிசியாக இருந்தால் கிளைம் போடுங்கள், மறுத்தால் மேலே போங்கள். வண்டி ஓடாமல் கிடந்தது என்பதைக் காட்ட எது இருந்தாலும் எடுத்துவையுங்கள்: மெக்கானிக் பில், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், கேமரா பதிவு. போலீஸ் புகாரையும் கம்பெனிக்குத் தகவல் சொல்வதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

போலீஸ் பிடித்தால் எவ்வளவு அபராதம்?

192ஆவது பிரிவில் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. அடுத்த தடவை 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 207ஆவது பிரிவில் வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. இன்ஷூரன்ஸும் இல்லையென்றால் அதற்கு 196ஆவது பிரிவில் தனியாக 2,000.

சரி, புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும்?

காலம் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படிவம் 25. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டி, நாள் வாங்கி, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். அசல் ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளும் கேட்பார்கள். பசுமை வரியும் கட்ட வேண்டும். லோன் போட்டு வாங்கி, அடைத்த பிறகும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், முதலில் அதை நீக்குங்கள். பெரும்பாலும் தாமதமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பைக்குக்கு 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2,000. காலம் தாண்டினால் மத்திய விதிப்படி மாதம் 300 ரூபாய் கூடுதல். எட்டு மாதம் தாமதித்தால் 2,400 ரூபாய், கட்டணத்தைவிட அதிகம்.

ஆய்வுக்கு முன்னால் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன், பிரேக், டயர், கண்ணாடிகள் சரியாக இருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சைலன்சரையோ நிறத்தையோ மாற்றியிருந்தால் பழையபடி ஆக்குங்கள்.

ஆர்.சி. முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை ஓட்டிப் போகலாமா?

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். சில நூறு ரூபாய் செலவாகும். ஆய்வுக்குத்தான் போகிறேன் என்று போலீஸிடம் விண்ணப்பத்தைக் காட்டிச் சமாளித்துவிடலாம். வழியில் ஒருவர் மேல் மோதிவிட்டால் அந்தக் காகிதம் சமாளிக்காது.

விண்ணப்பித்துவிட்டேன், இன்னும் ஆர்.சி. வரவில்லை. இடையில் விபத்து நடந்தால்?

நரிந்தர் சிங் வழக்கில் கவனிக்கச் சொன்ன வரி இங்கேதான் உதவுகிறது. அவர் விண்ணப்பித்ததற்கு ஆதாரமே இல்லை. காலம் முடிவதற்கு முன்பே நீங்கள் விண்ணப்பித்துப் பணமும் கட்டியிருந்தால், உங்கள் வழக்கு அதிலிருந்து தெளிவாக வேறுபடும். பணம் கட்டிய ரசீது, விண்ணப்ப எண், ஆய்வுக்குக் கொடுத்த தேதி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கரிடம் கொடுத்துவிட்டு ‘போட்டாச்சு’ என்ற சொல்லை நம்பியிருக்காதீர்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காலம் முடிந்த பிறகு விண்ணப்பித்திருந்தால் இந்த வாதம் பலமிழக்கும், ஆர்.சி. கைக்கு வரும்வரை ஓட்டாமல் இருங்கள்.

ஷோரூமில் புது பைக் எடுத்தேன், நம்பர் வரவில்லை, எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள்.

போகாதீர்கள். டீலர் மூலம் பதிவாகும் புது வண்டியில் பதிவு எண்ணைப் பொருத்தும்வரை அதை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நல்ல நாள் பார்த்திருக்கிறோம் என்றால் ஷோரூமிலேயே பூஜை போட்டுவிட்டு வாருங்கள். புது பைக் வாங்கும்போது ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்துப் போடுகிறார்களே, அது கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் 2018இல் வந்த உத்தரவின் பலன். அந்த ஐந்து வருடப் பாலிசியும் பதிவு எண் வராத வண்டியை ஓட்டுகிறவரைக் காப்பாற்றாது.

ஆர்.சி. முடிந்த பழைய பைக்கை விற்றுவிட்டேன். இனி என் பொறுப்பு இல்லையே?

பெயர் மாறும்வரை உங்கள் பொறுப்புதான். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வண்டி பலர் கைமாறியிருந்தும் பதிவிலிருந்தவர் தப்பவில்லை. காலாவதியான ஆர்.சி.யோடு பெயர் மாற்றம் நடக்காது. எனவே புதுப்பித்து, மாற்றிக் கொடுத்துவிட்டு விற்பதே வழி. ஓட்டவே போவதில்லை என்றால் ஸ்கிராப்புக்குக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யை உயிரோடு விடாதீர்கள்.

கம்பெனி மறுத்துவிட்டது. எங்கே போவது?

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த நிபந்தனையை மீறினீர்கள் என்று அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுப் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். பாலிசி, ஆர்.சி., விண்ணப்ப ரசீதுகள், எஃப்.ஐ.ஆர்., சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை, மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். சர்வேயர் அறிக்கையைக் கொடுக்கவில்லையென்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.